காணிக்கையை ஆள்பவர்கள் யார்? இங்கிலாந்தின் அறக்கட்டளைப் பதிவேடு குறித்து ஒரு மதிப்புரை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவுபெற்ற அறக்கட்டளைகள் அனைத்தின் விவரங்களையும் சாரிட்டி கமிஷன் என்னும் அரசு ஆணையம் ஒரே பதிவேட்டில் தொகுத்து, யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் ஒன்றுக்குக் காணிக்கை அனுப்புவதற்கு முன், அதை ஆளும் அறங்காவலர்கள் யார், அவர்கள் அந்த இடத்துக்கு எப்படி வந்தார்கள், அங்கே புழங்கும் பணத்தோடு அவர்களுக்கு என்ன தொடர்பு என்பவற்றை அறிய இந்தச் சேவை எந்த அளவுக்குப் பயன்படும் என்பதை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன். எங்கள் சபையில் மிஷனரிக் காணிக்கையைப் பங்கிட்டு அனுப்பும் குழுவில் இருப்பதால் இந்தப் பதிவேட்டை அடிக்கடி திறக்க வேண்டியிருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர்களைத் தெரிந்துகொள்ள இதற்கு மிஞ்சிய சேவை இல்லை. அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் எப்படி ஆளுகிறார்கள் என்பதை அது தானாகச் சொல்லாது, நாம்தான் தேடி எடுக்க வேண்டும்.

அறங்காவலர் யார் என்பதிலேயே நம்மவர்களிடம் ஒரு மயக்கம் உண்டு. ஓர் ஊழியத்தின் பெயரைச் சொன்னதும் அதன் நிறுவனரின் முகம்தான் நினைவுக்கு வரும். கன்வென்ஷன் சுவரொட்டியில் இருப்பவரும் ஜெபக் கடிதத்தில் கையொப்பமிடுபவரும் அவர்தான். சட்டமோ வேறு ஆட்களைத் தேடுகிறது. 2011ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டத்தின் 177ஆம் பிரிவு, ஓர் அறக்கட்டளையின் நிர்வாகத்தைப் பொதுவாகக் கட்டுப்படுத்தி நடத்தும் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ அவர்களையே அறங்காவலர்கள் என்று வரையறுக்கிறது. அவர்களைச் சபைக்குள் மூப்பர் என்றோ, டீக்கன் என்றோ, கமிட்டி மெம்பர் என்றோ அழைத்துக்கொள்ளலாம், பொறுப்பு ஒன்றுதான். பொதுவாக அவர்கள் ஊதியம் வாங்கக் கூடாது. நிறுவனர் சம்பளம் பெறுபவராக இருந்தால், அவர் எவ்வளவு பெரிய பிரசங்கியாராக இருந்தாலும், அறங்காவலர் குழுவிடம் வேலை பார்ப்பவரே. அவருக்கு எவ்வளவு சம்பளம் என்று முடிவு செய்வதும், வேண்டிவந்தால் அவரை அனுப்பிவைப்பதும் அந்தக் குழுவின் வேலை. ஆகவே ஓர் ஊழியத்தை எடைபோட வேண்டுமானால் மேடையில் நிற்பவரை விட்டுவிட்டு மேஜையைச் சுற்றி உட்காருபவர்களைப் பார்க்க வேண்டும். அவர்களைப் பார்ப்பதற்குப் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் முதல் இடம் இந்தப் பதிவேடு.

தேடுவது எளிது. நிறுவனத்தின் பெயரையோ பதிவு எண்ணையோ தந்தால் போதும். எண் தெரிந்திருந்தால் அதையே தருவது நல்லது. ஒரே மாதிரியான பெயர்கள் கிறிஸ்தவ உலகில் ஏராளம் என்பதால், "கிரேஸ்", "கல்வாரி", "பெத்தேல்" என்று தேடினால் வரும் பட்டியலில் நாம் தேடியதைக் கண்டுபிடிப்பதற்குள் பொறுமை போய்விடும். டியர்பண்ட் என்ற கிறிஸ்தவ நிவாரண அமைப்பின் எண் 265464. கிறிஸ்டியன் எய்டின் எண் 1105851. இந்த எண்ணைக் காணிக்கை உறையிலும் இணையதளத்தின் அடியிலும் அச்சிட்டிருப்பார்கள். அதில் எந்த எண்ணும் இல்லாமல் "பதிவு செய்யப்பட்ட அறக்கட்டளை" என்ற சொற்கள் மட்டும் இருந்தால் அங்கேயே சற்று நின்று யோசிக்க வேண்டும்.

முதல் பக்கத்தில் வருமானமும் செலவும் வரைபடமாக வருகின்றன. அதன் கீழே ஊழியர்கள் எத்தனை பேர், அறங்காவலர்கள் எத்தனை பேர், தன்னார்வலர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை வருகிறது. ஆண்டுக்கு 60,000 பவுண்டுக்கு மேல் ஊதியமும் பிற பயன்களும் பெறுபவர்கள் எத்தனை பேர் என்பதையும் அது காட்டுகிறது. அறங்காவலர்களில் எவராவது அறக்கட்டளையிடமிருந்து பணமோ வேறு பயனோ பெறுகிறார்களா என்பதற்கு ஒற்றை வரியில் விடை இருக்கிறது. பலரும் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், நான் முதலில் தேடுவது இதைத்தான். பணம் பெறுகிறார்கள் என்று இருந்தால் உடனே குற்றம் என்று பொருள் அல்ல. அறக்கட்டளையின் விதிகளைச் சொல்லும் ஆளுகை ஆவணம் இடம் கொடுத்திருக்கலாம், ஆணையம் அனுமதி தந்திருக்கலாம். ஆனால் ஏன், எவ்வளவு, யாருக்கு என்ற மூன்று கேள்விகளையும் கையில் எடுத்துக்கொண்டு கணக்கறிக்கைக்குள் போக வேண்டியதாகிவிடும்.

அறங்காவலர்களுக்கென்று தனிப் பக்கம் இருக்கிறது. அதில் ஒவ்வொருவரின் பெயர், தலைவர் யார் என்ற குறிப்பு, நியமிக்கப்பட்ட தேதி, அவர் வேறு எந்தெந்த அறக்கட்டளைகளில் அறங்காவலராக இருக்கிறார் என்ற விவரம், அந்த வேறு அறக்கட்டளைகள் கணக்கை ஒழுங்காகச் சமர்ப்பிக்கின்றனவா என்ற நிலை ஆகியவை அட்டவணையாக வருகின்றன. கடைசி இரண்டும்தான் இந்தச் சேவையின் சிறந்த பகுதி என்பேன். ஒரே நபர் நான்கு ஊழியங்களில் அறங்காவலராக இருந்து, அவற்றில் மூன்றின் எதிரே சிவப்பு எழுத்தில் கணக்குத் தாமதம் என்று நின்றால், ஐந்தாவதாக ஓர் ஊழியத்தை அவர் எப்படிக் கவனிப்பார் என்பதை எவரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. நிதியாண்டு முடிந்து பத்து மாதங்களுக்குள் கணக்கு வர வேண்டும் என்பது விதி. அது தவறினால் எத்தனை நாள் தாமதம் என்பதைப் பதிவேடு நாள்கணக்கில் சொல்லிவிடுகிறது. நியமனத் தேதிகளையும் ஒருமுறை மேலிருந்து கீழே படித்துப் பார்ப்பது நல்லது. எல்லாரும் இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரே நாளில் நியமிக்கப்பட்டவர்களாக இருந்தால் அது ஒரு செய்தி. எல்லாரும் போன மாதம்தான் வந்தார்கள் என்றால் அது இன்னொரு செய்தி.

சில இடங்களில் இந்தப் பக்கம் நம்மைத் திகைக்க வைக்கும். இரட்சணிய சேனையை எடுத்துக்கொள்வோம், எண் 214779. நாகர்கோவில்காரர்களுக்குக் கேதரின் பூத் ஆஸ்பத்திரி மூலம் நன்கு தெரிந்த அதே சேனைதான். இத்தனை பெரிய அமைப்புக்குப் பத்துப் பதினைந்து அறங்காவலர்களின் பெயர்கள் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால், அதன் அறங்காவலர் ஒரு மனிதரே அல்ல, அதற்கென அமைந்த ஒரு டிரஸ்டி கம்பெனி என்று தெரியவரும். எதையோ மறைக்கிறார்கள் என்று முதலில் தோன்றலாம். காரணம் அதுவன்று, ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சண்டை. கிறிஸ்தவ அறக்கட்டளைகளின் ஆட்சி பற்றிப் பேசும் எவரும் அறிந்திருக்க வேண்டிய சண்டை என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சேனையை நிறுவிய வில்லியம் பூத் 1878இல் பதிவு செய்த ஆவணத்தின்படி, ஜெனரல் என்ற ஒரே மனிதர்தான் சேனையின் சொத்துகள் அனைத்துக்கும் அறங்காவலர். தமக்குப் பின் வருபவரை நியமிக்கும் உரிமையும் அவருக்கே. அவ்வாறே 1912இல் அவர் இறந்தபின் முத்திரையிட்ட உறையைத் திறந்தார்கள். உள்ளே மூத்த மகன் பிராம்வெல் பூத்தின் பெயர் இருந்தது. இதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1904இல் எழுதிய துணை ஆவணத்தில், ஜெனரல் தகுதியிழந்தால் அவரை நீக்க மூத்த அதிகாரிகள் அடங்கிய உயர் மன்றம் ஒன்றைக் கூட்டலாம் என்று வில்லியம் பூத் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். அது எப்போதாவது தேவைப்படும் என்று அன்று பலரும் நினைத்திருக்க மாட்டார்கள். 1929 ஜனவரியில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள சன்பரி கோர்ட் மாளிகையில் அந்த மன்றம் முதன்முறையாகக் கூடியது. பிராம்வெல் கடும் நோயில் இருந்தார். பதவி விலகும்படி கேட்டபோது மறுத்தார். விவகாரம் நீதிமன்றப் படியும் ஏறியது. இறுதியில் பிப்ரவரியில் மன்றம் அவரை நீக்கி எட்வர்ட் ஹிக்கின்ஸைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஜூன் மாதமே பிராம்வெல் இறந்துபோனார். சொத்துகளுக்கு அறங்காவலராக இருந்தவர் அவர் ஒருவரே என்பதால், புதிய ஜெனரல் கையில் அவை தானாக வந்து சேரவில்லை. இறந்தவரின் உயிலை நிறைவேற்றுபவர்களோடு வழக்காட வேண்டியதாயிற்று. பாராளுமன்றம் 1931இல் தனிச் சட்டம் இயற்றி, ஒரே மனிதர் அறங்காவலராக இருக்கும் முறையையும், அடுத்த ஜெனரலை உறையில் எழுதி வைக்கும் முறையையும் முடித்து, சொத்துகளை ஒரு டிரஸ்டி கம்பெனியிடம் ஒப்படைத்தது. பதிவேட்டில் நாம் காணும் அறங்காவலர் இதன் வழிவந்ததே. கம்பெனி சாவதில்லை, நோயில் படுப்பதில்லை, மகன் பெயரை உறையில் எழுதுவதுமில்லை.

அந்தக் கம்பெனியின் இயக்குநர்கள் யார் என்று அறிய, கம்பெனீஸ் ஹவுஸ் என்ற இன்னொரு அரசுப் பதிவேட்டுக்குப் போக வேண்டும். அதுவும் இலவசமே. ஆனால் இரண்டையும் இணைத்து வாசிக்கும் பொறுப்பை வாசகர் தலையில் சுமத்தியிருப்பதை இந்தச் சேவையின் குறையாகவே சொல்ல வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பதிவேடு இன்றைய அறங்காவலர்களை மட்டுமே காட்டுகிறது. விலகியவர்களின் பெயர் பட்டியலிலிருந்து காணாமல் போய்விடுகிறது. 1945இல் போரால் வீடிழந்த ஐரோப்பியர்களுக்கு உதவத் தொடங்கிய கிறிஸ்டியன் எய்ட், பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் 41 திருச்சபைகளின் ஆதரவில் நிற்பது. கேன்டர்பரியின் முன்னாள் பேராயர் ரோவன் வில்லியம்ஸ் 2013இலிருந்து 2021 வரை அதன் அறங்காவலர் குழுத் தலைவராக இருந்தார். இன்றைய பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இந்தச் செய்தி தெரியாது. பேராயர் என்பதால் செய்தித்தாளில் பெயர் வந்தது, நமக்கும் தெரிகிறது. நாலு பேர் மட்டுமே அறிந்த ஒரு சிறிய ஊழியத்தில் மூன்று அறங்காவலர்கள் ஒரே மாதத்தில் விலகினால் யாருக்குத் தெரியும்? ஒரு தொண்டு நிறுவனத்தில் ஏதோ சரியில்லை என்பதற்கு அப்படிப்பட்ட விலகலைவிடத் தெளிவான அடையாளம் அரிது. பதிவேடோ அந்த அடையாளத்தைத்தான் அழித்துவிடுகிறது. நிறுவனம் கம்பெனியாகவும் பதிவாகியிருந்தால் கம்பெனீஸ் ஹவுஸில் விலகியவர்களின் பெயரும் விலகிய தேதியும் கிடைக்கும். அப்படிப் பதியாத அறக்கட்டளைகளுக்கு, ஐந்து ஆண்டு அறிக்கைகளைத் தரவிறக்கி, முதல் பக்கத்திலுள்ள பெயர்ப்பட்டியலை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. நான் அப்படித்தான் செய்கிறேன். சலிப்பான வேலைதான், ஆனால் வேறு எந்த வேலையும் இதைப்போல் பலன் தருவதில்லை.

தமிழர் நடத்தும் ஊழியங்களைப் பார்க்கும்போது இன்னொரு சிக்கல் வருகிறது. பதிவேட்டை உருவாக்கியவர்கள் நினைத்தும் பார்த்திராத சிக்கல். ஆங்கிலேயக் குடும்பத்தில் தந்தை, மகன், மருமகள் எல்லாருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருக்கும். பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் உறவு தெரிந்துவிடும். நம் வழக்கத்தில் மகனுக்குத் தந்தையின் பெயரும், மனைவிக்குக் கணவரின் பெயரும், தந்தைக்கோ தாத்தாவின் பெயரும் பின்னால் வரும். ஆகவே கணவர், மனைவி, மகன், மருமகன் என்று ஒரே வீட்டார் நால்வர் அறங்காவலர்களாக இருந்தாலும், பட்டியலில் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்களைப் போலவே தோன்றுவார்கள். மறுபக்கம், ஞானஸ்நானப் பெயர்களில் சில நம்மிடையே மிகவும் பரவலானவை என்பதால், உறவே இல்லாத இருவருக்கு ஒரே பின்பெயர் அமைந்து வீண் சந்தேகமும் எழும். உறவினர்கள் அறங்காவலர்களாக இருப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. எனினும் சம்பளம் பெறும் போதகரின் மனைவியும் மகனும் உட்கார்ந்திருக்கும் குழு அவருடைய சம்பளத்தை எப்படி நிர்ணயிக்கும் என்ற கேள்வி, காணிக்கை கொடுப்பவர் கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கான விடை பதிவேட்டில் இல்லை. நம் சமூகத்தில் அது ஒரு போன் பேச்சில் கிடைத்துவிடும் என்பது வேறு விஷயம்.

பெயர்ப்பட்டியலிலிருந்து கணக்கறிக்கைக்கு வருவோம், சாரம் அங்கேதான் இருக்கிறது. ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டிய அறக்கட்டளைகள் அறங்காவலர்களின் ஆண்டறிக்கையையும் கணக்கையும் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது நீண்டகால விதி. அனுப்பியவை பிடிஎப் கோப்புகளாகப் பதிவேட்டில் இருக்கின்றன. பெரிய நிறுவனங்களின் அறிக்கை நூறு பக்கம் வரை போகும். முதல் பாதி முழுவதும் புன்னகைக்கும் குழந்தைகளின் படங்கள். அவற்றைத் தாண்டி மூன்று இடங்களுக்குப் போனால் போதும். அறங்காவலர்களை யார் நியமிக்கிறார்கள், எத்தனை ஆண்டுகளுக்கு என்று சொல்லும் பத்தி ஒன்று; அறங்காவலர்களுக்குக் கொடுத்த ஊதியமும் பயணப்படியும் பற்றிய குறிப்பு ஒன்று; அறங்காவலர்களோடும் அவர்களுடைய உறவினர்களோடும் நடந்த கொடுக்கல் வாங்கல் பற்றிய குறிப்பு ஒன்று. கடைசிக் குறிப்பில்தான் போதகர் குடியிருக்கும் வீட்டு வாடகையும், அறங்காவலர் ஒருவரின் கம்பெனிக்குப் போன அச்சுக் கூலியும், திருப்பித் தராத கடனும் வெளிச்சத்துக்கு வரும்.

ஆனால் சிறிய அறக்கட்டளைகள் வரவு செலவுப் பட்டியல் மட்டும் தந்தால் போதும் என்று சட்டம் சலுகை தருவதால், இந்தக் குறிப்புகள் மிகவும் தேவைப்படும் இடத்தில் அவை இல்லாமல் போகக்கூடும். இரண்டு பக்கக் கணக்கு, ஒரு பக்க அறிக்கை, கீழே ஒரு கையெழுத்து. நான் பார்த்த ஒரு சிறிய ஊழியத்தின் அறிக்கையில், அறங்காவலர்கள் "தவறாமல் கூடி ஊழியத்தின் வளர்ச்சியை ஜெபத்தோடு ஆராய்ந்தார்கள்" என்ற வாக்கியம் ஆண்டுதோறும் எழுத்து மாறாமல் வந்துகொண்டிருந்தது; ஓர் ஆண்டு அறிக்கையில் முந்தைய ஆண்டின் எண்ணைக்கூடத் திருத்தாமல் விட்டிருந்தார்கள். எத்தனை முறை கூடினார்கள், யார் யார் வந்தார்கள், எதை முடிவு செய்தார்கள் என்று எங்கும் இல்லை. சட்டப்படி இதில் தவறு காண்பது கடினம். அந்த ஊழியத்துக்குப் பணம் அனுப்புவதற்கு முன் அறங்காவலர்களில் ஒருவரோடு, நிறுவனர் பக்கத்தில் இல்லாமல், பேச வேண்டும் என்று எங்கள் குழு எழுதியது. பதில் நிறுவனரிடமிருந்தே வந்தது. நாங்கள் அனுப்பவில்லை.

அறங்காவலர்கள் தங்கள் இடத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆணையம் வெளியிடும் விசாரணை அறிக்கைகளே நல்ல பாடநூல். இவையும் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. லண்டனின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றான கிங்ஸ்வே இன்டர்நேஷனல் கிறிஸ்டியன் சென்டர் பற்றி 2005இல் வந்த அறிக்கையை எடுத்துப் படிக்கலாம். தலைமைப் போதகரே அறங்காவலராகவும் இருந்துகொண்டு அறக்கட்டளையிடமிருந்து முறையான அனுமதியில்லாத பயன்களைப் பெற்றார் என்று ஆணையம் கண்டது. 2 லட்சம் பவுண்டு அறக்கட்டளைக்குத் திரும்பி வர வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் அதே சபையின் அறங்காவலர்கள், முன்னாள் கால்பந்து வீரர் ஒருவரின் முதலீட்டுத் திட்டத்தில் 50 லட்சம் பவுண்டைப் போட்டுப் பெரும்பகுதியை இழந்தார்கள். அந்தத் திட்டத்தை நடத்தியவர் மோசடிக் குற்றத்துக்காக 2023இல் சிறை சென்றார். இரண்டாவது விவகாரத்தில் அறங்காவலர்கள் திருடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விசுவாசி ஒருவரை நம்பினார்கள். நம்பியதோடு, தகுதியுள்ள வேறொருவரின் ஆலோசனையைப் போதுமான அளவுக்குக் கேட்காமல் விட்டார்கள். "நம்ம சகோதரர்தானே" என்ற சொல்லுக்கு இவ்வளவு விலை உண்டு.

பதிவேட்டில் எல்லாம் பச்சையாக இருந்தும் உள்ளே பெரும் கேடு நடந்திருக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறுவர் முகாம்களை நடத்திய ஐவர்ன் டிரஸ்டின் தலைவராக ஒரு காலத்தில் இருந்த ஜான் ஸ்மைத் என்ற வழக்கறிஞர் சிறுவர்களையும் இளைஞர்களையும் கொடூரமாக அடித்துத் துன்புறுத்தினார் என்பதை 1982இலேயே உள்ளுக்குள் ஓர் அறிக்கையாக எழுதி வைத்தார்கள். எழுதிய பின் போலீசிடம் போகாமல் பேசாதிருந்தார்கள். அது முழுமையாக வெளிவந்தது இந்த விவகாரத்தை ஆராய இங்கிலாந்துத் திருச்சபை ஏற்படுத்தி, 2024 நவம்பரில் வெளியான மேகின் ஆய்வில்தான்; அதைத் தொடர்ந்து கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகல் அறிவித்தார். பாதுகாப்புக் கொள்கை இருக்கிறதா என்ற கேள்விக்கு இன்றைய பதிவேடு ஒரு பட்டியலில் விடை தருகிறது. ஆனால் கொள்கையின் பெயர் மட்டும்தான் இருக்கிறது, கொள்கை இல்லை. அந்தப் பெயரும் அறக்கட்டளையே எழுதித் தந்தது.

பதிவேட்டுக்கு வெளியே இருப்பவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்டு வருமானம் 5,000 பவுண்டுக்குள் இருக்கும் பெரும்பாலான அறக்கட்டளைகள் பதியத் தேவையில்லை. இங்கிலாந்துத் திருச்சபை, மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் முதலிய சில பிரிவுகளைச் சேர்ந்த சபைகளுக்கு ஒரு லட்சம் பவுண்டு வருமானம் வரை விலக்கு உண்டு. எனவே பக்கத்துத் தெரு ஆலயத்தைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் அது கள்ள அமைப்பு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் வேறு ஆணையங்கள், வேறு பதிவேடுகள். சில கிறிஸ்தவ அமைப்புகளின் பக்கத்தில் அறங்காவலர் பெயர்கள் மறைக்கப்பட்டிருக்கும்; பெயர் வெளிவந்தால் உயிருக்கு ஆபத்து என்று நிறுவினால் ஆணையம் அப்படி விலக்கு அளிக்கிறது. கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்படும் நாடுகளில் பணி செய்பவர்களுக்கு இது நியாயமான தேவை.

நம்மில் பலர் அனுப்பும் பணம் இறுதியில் தமிழ்நாட்டில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கோ, ஒரு ஆஸ்பத்திரிக்கோ, கிராம ஊழியத்துக்கோ போகிறது. இங்கிலாந்து அறங்காவலர்களின் பொறுப்பு பணத்தை அனுப்பியதோடு முடிவதில்லை. அது சொன்ன காரியத்துக்குச் செலவானதா என்று பார்ப்பதும் அவர்கள் கடமை என்று ஆணையம் தெளிவாகவே சொல்கிறது. அந்தப் பக்கத்து நிர்வாகிகளை நாமே தேடிப் பார்க்க முயன்றால் இத்தகைய வசதி இல்லை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அனுமதி பெற்ற அமைப்புகள் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அந்தப் பணத்தை டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றில் மட்டுமே பெற முடியும். ஆனால் அவற்றின் ஆண்டுக் கணக்குகளைப் பொதுமக்கள் பார்க்கும் வசதியை உள்துறை அமைச்சகம் 2022 ஜூலையில் தன் தளத்திலிருந்து நீக்கிவிட்டது. தொண்டு அமைப்புகள் பதிவு செய்துகொள்ளும் நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் நிர்வாகிகளின் பெயர்களைப் பார்க்கலாம். அவை அமைப்புகளே உள்ளிட்ட விவரங்கள். இந்த ஒப்பீட்டில்தான் இங்கிலாந்துப் பதிவேட்டின் அருமை தெரிகிறது.

சேவையின் தரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். தளம் வேகமாக இயங்குகிறது; கைப்பேசியிலும் அட்டவணைகள் உடையாமல் வருகின்றன. வேல்ஸ் மொழியிலும் கிடைக்கிறது; தமிழில் இல்லை, எதிர்பார்ப்பதும் முறையல்ல. பெயரை வைத்து அறங்காவலர் பதவியிலிருந்து நீக்கப்பட்டவர்களைத் தேடும் தனிப் பட்டியலும் உண்டு. அதைத் தேடாமல் எவரையும் எந்தக் குழுவிலும் சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து. புகார் செய்யப் போகிறவர்கள் மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. சபைக்குள் நடக்கும் சண்டைக்கும், உபதேச வேறுபாட்டுக்கும், போதகரைப் பிடிக்காமல் போனதற்கும் ஆணையம் பஞ்சாயத்து செய்யாது. பணம் தவறாகப் போகிறது, அல்லது ஆட்களுக்குத் தீங்கு நேர்கிறது என்பதை ஆவணத்தோடு காட்டினால்தான் கவனிக்கும்.

ஆளுகை ஆவணத்தின் பெயரும் தேதியும் பதிவேட்டில் இருக்கின்றன, அறக்கட்டளையின் நோக்கங்களும் சொல்லுக்குச் சொல் இருக்கின்றன; ஆவணம் முழுதாக இல்லை. அறங்காவலர்களை நியமிக்கவும் நீக்கவும் அதிகாரம் யாருக்கு என்பது அந்த ஆவணத்தில்தான் இருக்கிறது என்பதால், அதன் நகலையும் ஏற்றிவைத்திருக்கலாம். இப்போதைக்கு அதை ஆணையத்திடம் எழுதிக் கேட்டுத்தான் பெற வேண்டும். கணக்கு பதிவேட்டில் இல்லாத சிறிய அறக்கட்டளையாக இருந்தால் நேரே அதன் அறங்காவலர்களுக்கே எழுதலாம். சட்டத்தின் 172ஆம் பிரிவின்படி, கேட்பவர் யாராக இருந்தாலும், நியாயமான நகல் செலவைப் பெற்றுக்கொண்டு இரண்டு மாதங்களுக்குள் அவர்கள் கணக்கின் பிரதியைத் தந்தாக வேண்டும். கடிதத்தை நிறுவனருக்கு எழுதாமல் அறங்காவலர் குழுவின் தலைவர் பெயருக்கே எழுதுங்கள். அந்தப் பெயர் பதிவேட்டில் இருக்கிறது.